சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அப்பாக்கள்

"நாமா தாக் அடா, பாக்சிக்," என்றார் கமாரியா. பேர் இல்லை, அங்கிள்.

கிள்ளானில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் தாதியர் பயிற்சிப் பள்ளியின் முகப்புக் கவுண்டர் அது. காலை ஒன்பது மணி இருக்கும். முகப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும் நின்றார்கள். இந்தப் பக்கம் பதிவுக் கிராணி, அதாவது எழுத்தர், கமாரியா. அவருடைய மேசைக்கு அடியில், தரையில் மண்டியிட்டு, பிரிண்டரின் வாயில் சிக்கிய காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு நான்.

எனக்கு அவர்களுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. பெண்ணின் காலில் ரப்பர் செருப்பு. அப்பாவின் காலில் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ, அவருக்கு ஒரு சைஸ் பெரியது. யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"போர்டுல என் நம்பர் இருந்துச்சுங்க மிஸ்," என்றாள் பெண். "பாஸ்னு போட்டிருந்துச்சு. இண்டர்வியூக்கு லெட்டர் வரும்னு சொன்னாங்க. எங்க எஸ்டேட்டுல இன்னொருத்திக்கு வந்துருச்சு. எனக்கு வரல."

கமாரியாவுக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும். மறுபடி தட்டிப் பார்த்தார். விசைப்பலகை என் தலைக்கு மேலே கடகடவென்றது.

"கம்ப்யூட்டர் காத்தா தாக் அடா," என்றார். கம்ப்யூட்டர் இல்லை என்கிறது.

அந்தப் பெண், யாரிடம் என்றில்லாமல், மெதுவாகக் கேட்டாள்: "அப்போ நான் பரீட்சையே எழுதலையா?"

நான் எழுந்த வேகத்தில் மேசையின் விளிம்பில் தலை இடித்தது. இன்றைக்கும் சரியாக அந்த இடத்தில் ஒரு சின்னத் தடிப்பு இருக்கிறது. தலை வாரும்போது சீப்பு தட்டும்.

கோபாலும் நானும்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு செலாயாங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "முப்பது வருடம் கணினியால் சோறு சாப்பிட்ட நீங்கள், வாராவாரம் அதைத் திட்டுவது நன்றி கெட்டத்தனம் இல்லையா?" என்று கேட்கிறார்.

ஐயா, நான் கணினியைத் திட்டவில்லை. "புதுசு" என்ற ஒரே காரணத்துக்காக நம் தலையில் கட்டப்படும் கணினியைத் திட்டுகிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பழைய இயந்திரத்தோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும்.

என் அப்பா ரயில்வேயில் இருந்தார். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். அங்கிருந்து தினமும் பஸ் பிடித்துக் கிள்ளானுக்கு வேலைக்குப் போனேன். மருத்துவமனையின் கணக்கு, ஆட்கள், மருந்துக் கிடங்கு, பயிற்சிப் பள்ளி எல்லாவற்றுக்கும் புரோகிராம் எழுதியது நானும் எனக்கு முன்பு இருந்த ஒருவரும்தான். அவர் வேலையை விட்டுப் போன பிறகு நான் மட்டும்.

எழுதியது கோபால் என்ற கணினி மொழியில். ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் எங்கள் வாயில் அது கோபால்தான்.

இதனால் வீட்டில் ஒரு ரகளை நடந்தது. ஒருநாள் கூடத்தில் நின்று, கூட வேலை பார்ப்பவளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "என்னால கோபால விட முடியாதுடி. ஆறு வருஷப் பழக்கம். பழசுதான், மெதுவாத்தான் போவும், ஆனா ஒரு நாளும் என்னைய ஏமாத்துனது இல்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அம்மா கையில் கரண்டியோடு நிற்கிறார்.

"யாருடி அந்தக் கோபால்?"

விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. அம்மா முழுசாக நம்பவில்லை. அடுத்த வருடம் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "பையன் பேரு என்ன?" என்று நான் கேட்டதற்கு, "கோபால் இல்ல, அது போதும்," என்றார்.

பதினான்கு தட்டுகள்

எண்பதுகளின் பின்பாதியில் நிர்வாகத்துக்குத் திடீரென்று நவீன ஆசை வந்தது. இரண்டு அலமாரி அகலத்தில் குளிர் அறையில் ஓடிக்கொண்டிருந்த பழைய இயந்திரத்தைத் தூக்கிவிட்டு, மேசைக்கு மேசை சின்னக் கணினி. நான் எழுதிய புரோகிராம்களுக்குப் பதிலாக வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த ஒரு தயார் மென்பொருள். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். அதைச் செய்த கம்பெனி இப்போது இல்லை, செத்தவர்களைத் திட்டக்கூடாது.

பதினான்கு நெகிழ்வட்டுகளில், அதாவது ஃப்ளாப்பிகளில், வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட வேண்டும். ஒன்பதாவது வட்டு வந்ததும் கணினி கர்ரென்று காறும். திரையில் ஆங்கிலத்தில் மூன்று வழி கேட்கும்: கைவிடவா, மறுபடி முயலவா, தோற்கவா? மூன்றில் எதைத் தட்டினாலும் தோல்விதான். அதை நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்வதில் அதற்கு என்ன திருப்தியோ.

கணினியின் பின்புறம் ஒரு சாவிக்கட்டை செருக வேண்டும். திருட்டுப் பிரதி போடாமல் இருக்க. துப்புரவு செய்யும் ஆன்டியின் துடைப்பம் பட்டால் கட்டை கழன்று விழும், உடனே மென்பொருள் எங்களைத் திருடர்கள் என்று சொல்லி மூடிக்கொள்ளும். விற்றவர்களைக் கேட்டால், நினைவகம் போதவில்லை என்பார்கள். நினைவகம் கூட்டினால், பிரிண்டர் பழசு என்பார்கள். பிரிண்டர் மாற்றினால், மறுபடி ஒன்பதாவது வட்டு.

இதை விற்ற பிரதிநிதி சோங் நல்ல பையன். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "நோ ப்ராப்ளம் லா, அடுத்த வெர்ஷன்ல வரும்."

இந்த மென்பொருளுக்கு மனிதர்களின் பெயர் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு துண்டாக இருந்தாக வேண்டும். நம் ஊரில் யாருக்கு அப்படி இருக்கிறது? அதுவாகவே இரண்டாவது சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அமினா பிந்தி அஹ்மாட்டுக்குப் போன கடிதத்தில் "அன்புள்ள மிஸ் பிந்தி". டான் மெய் லிங்குக்கு "அன்புள்ள மிஸ் மெய்". நம் பெண்கள் எல்லாருக்கும், ஒருவர் விடாமல், "அன்புள்ள மிஸ் ஏ".

நானும் கமாரியாவும் அந்தக் கடிதங்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு வாரம் முழுக்க அவர் என்னை மிஸ் ஏ என்றே கூப்பிட்டார்.

அன்றைக்குச் சிரிக்காமல் ஏன் என்று தேடியிருந்தால், இந்த அத்தியாயமே எழுத வேண்டியிருந்திருக்காது.

முனியாண்டி என்று தட்டினேன்

தலையைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, கமாரியாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

"உன் பேரு என்னம்மா?"

"லெட்சுமி, அக்கா. பந்திங் பக்கத்து எஸ்டேட்டு."

தட்டினேன். அந்த எஸ்டேட்டில் ஒரே ஒரு லெட்சுமி ஏ இருந்தாள். பரீட்சை எண் வேறு.

"அது பெருமாள் மக லெட்சுமி, அக்கா. அவளுக்குத்தான் லெட்டர் வந்துச்சு. நாங்க ஒரே லயத்து வீட்டு வரிசை. நான் முனியாண்டி மக."

அப்பா முகப்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்துச் சற்றுக் குனிந்தார். ஐம்பது வயது இருக்கும். செம்பனைக் குலை வெட்டிக் காய்த்துப்போன விரல்கள்.

"என் பேரு போட்டுப் பாருங்கம்மா," என்றார். "முனியாண்டின்னா எஸ்டேட்டுல எல்லாருக்கும் தெரியும்."

அந்தப் பேச்சுக்கு நான் சிரித்திருக்க வேண்டும். கணினிக்கு எஸ்டேட்டில் யாரைத் தெரியும்? ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. பெயர்களுக்குள் எங்கே வந்தாலும் தேடித் தரும் வசதி ஒன்று அந்த மென்பொருளில் உருப்படியாக வேலை செய்தது. அதில் முனியாண்டி என்று தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை.

அது எப்படி? முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் பாஸ் ஆன கோப்பு அது. நம் பெண்கள் மட்டும் எண்பது பேராவது இருப்பார்கள். எண்பது பேரில் ஒருத்திக்குக்கூட முனியாண்டி என்று அப்பா இல்லையா? பெருமாள் என்று தட்டினேன். இல்லை. ராமன். இல்லை. சுப்ரமணியம், மாரிமுத்து, ஆறுமுகம். இல்லை, இல்லை, இல்லை.

அஹ்மாட் என்று தட்டினேன். திரை நிரம்பி வழிந்தது.

எங்கள் அப்பாக்கள் மட்டும் ஒருவர் விடாமல் காணாமல் போயிருந்தார்கள்.

அப்போதுதான் புரிந்தது. நம் அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஒரு சாய்கோடு நிற்கிறதே, ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி, மலாயில் அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று? அந்தச் சாய்கோடு இந்த மென்பொருளுக்கு "இத்துடன் முடிந்தது" என்ற குறி. பழைய இயந்திரத்திலிருந்து பெயர்களை இதற்கு மாற்றியபோது, சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டது. லெட்சுமி ஏ/பி முனியாண்டியும் லெட்சுமி ஏ. லெட்சுமி ஏ/பி பெருமாளும் லெட்சுமி ஏ.

முகவரியாவது வேறாக இருந்திருக்கலாம். எஸ்டேட்டில் வீட்டுக்கு வீடு முகவரி ஏது? நூறு குடும்பம் இருந்தாலும் ஒரே முகவரி, எஸ்டேட் ஆபீஸ். கடிதம் வந்தால் கிராணி கூப்பிட்டுக் கொடுப்பார். ஒரே பெயர், ஒரே முகவரி என்றால் இரண்டும் ஒரே ஆள் என்று மென்பொருள் முடிவு கட்டிவிட்டது. அடையாள அட்டை எண் வேறு, பரீட்சை எண் வேறு. அவற்றையும் ஒப்பிட்டுப் பார் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"இண்டர்வியூ என்னிக்கு?" என்று கமாரியாவிடம் கேட்டேன்.

"ஜுமாஅட்."

வெள்ளிக்கிழமை. அன்றைக்குச் செவ்வாய்.

"அடுத்த வருஷம் எழுதிக்கலாமா அக்கா?" என்று லெட்சுமி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள். "இருபத்தொண்ணு தாண்டுனா எடுக்க மாட்டாங்களாம். எனக்கு டிசம்பர்ல முடிஞ்சிரும். மேருவுல கையுறை பேக்டரியிலதான் இப்ப வேலை."

கையை முகப்பின் மேலிருந்து எடுத்து மறைத்துக்கொண்டாள். அதற்குள் பார்த்துவிட்டேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது.

"ரெண்டு பேரும் கேண்டீன்ல போயி உக்காருங்க," என்றேன். "நான் வந்து சொல்ற வரைக்கும் வீட்டுக்குப் போயிராதீங்க."

ஒரே ஓர் எழுத்து

இதுவரை படித்தவர்கள், மென்பொருளின் மேல் பழி, இதை எழுதும் வசந்தி தப்பித்தாள் என்று நினைத்திருப்பீர்கள். நானும் இந்தப் பகுதியை எப்படியாவது சுற்றிக்கொண்டு போய்விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பெயர்களை மாற்றிய நாளில் அந்த வேலை நான்கு முறை பாதியில் நின்றது. ஐந்தாவது முறை கடைசிவரை போனது. மணி மூன்று ஆகியிருந்தது. நான் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. கட்டி வாங்கி வைத்த நாசி லெமாக் மேசையில் ஆறிக் கிடந்தது.

திரையில் ஒரு கேள்வி வந்தது. பதினோரு இரட்டைப் பதிவுகள் உள்ளன, நீக்கிவிடவா? ஆம் என்றால் ஒய், இல்லை என்றால் என்.

பட்டியலைக் காட்டு என்று இன்னொரு வழியும் இருந்தது. தட்டியிருந்தால் பதினோரு பெயரும் வந்திருக்கும். பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

நான் ஒய் தட்டினேன். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அப்பா பெயரை வெட்டியது மென்பொருள். ஆனால் லெட்சுமியை நீக்கியது என் விரல். கேண்டீனுக்குப் போகும் அந்த இரவல் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி, என்ன ஆனாலும் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதினோரு பேரையும் திரும்பக் கொண்டுவருவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சலவைக் கூடத்துக்குப் பின்னால்

விண்ணப்பத் தாள்கள் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தின் கிடங்குக்குப் போய்விட்டன. கேட்டால் ஒரு வாரம். சோங்குக்குப் போன் போட்டேன். நீக்கியது நீக்கியதுதான், திரும்ப எடுக்கும் வசதி அடுத்த வெர்ஷனில் வரும் என்றான்.

மிச்சம் இருந்தது பழைய இயந்திரம்.

அதைச் சலவைக் கூடத்துக்குப் பின்னால் நடையில் தள்ளி வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை பழைய இரும்புக்காரரின் லோரி வரப்போகிறது. அதன் மேல் யாரோ ஈரத் துடைப்பத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தரவு வட்டுகளையும் எறிந்துவிடச் சொல்லி எனக்கு உத்தரவு. இடியாப்பத் தட்டு அகலத்துக்கு இருக்கும் அந்தக் கறுப்பு வட்டுகளை எறிய மனசு வராமல், அலமாரியில் என் மழைக்கோட்டுக்கு அடியில் வைத்திருந்தேன்.

மின்சாரப் பிரிவில் அந்தோணி அண்ணே இருந்தார். அவரைத் தேடிப் பிடித்தேன்.

"அண்ணே, அந்தப் பெரிய மிஷினுக்கு அர மணி நேரம் கரண்டு குடுங்க."

"அது குப்பைக்குப் போற சாமான், வசந்தி. அதுக்கு ஏத்த பிளக்கு வேணும்னா துணி காய வைக்கிற மிஷினத்தான் கழட்டணும். ஆன்டிங்க சத்தம் போடுவாங்க லா."

"போடட்டும்ண்ணே. பதினோரு பொம்பளப் புள்ளைங்க விஷயம்."

அவர் துணி காய வைக்கும் இயந்திரத்தைக் கழற்றினார். சலவை ஆன்டிகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைச் சூழ்ந்து நின்றார்கள். கூடம் முழுக்கச் சோடா வாடையும் நீராவியும். குளிர் அறையிலேயே வளர்ந்த இயந்திரம் இந்தப் புழுக்கத்தில் என்ன ஆகுமோ என்று யோசித்தபடியே சுவிட்சைப் போட்டேன்.

முதல் முறை விசிறி மட்டும் சுற்றியது. திரையில் ஒன்றும் இல்லை. வட்டு படிக்கும் முனையில் தூசி. மேல் வார்டுக்கு ஓடி, தாதியிடம் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி வந்து, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் துடைத்தேன். இரண்டாம் முறை பழைய பச்சை எழுத்துகள் வந்தன.

"வந்துருச்சு டா சாமி," என்று ஓர் ஆன்டி கை தட்டினார். என்ன வந்தது என்று அவருக்குத் தெரியாது.

நான் நான்கு வருடத்துக்கு முன் எழுதிய புரோகிராமைக் கூப்பிட்டேன். அது என்னிடம் எந்தச் சாவிக்கட்டையும் கேட்கவில்லை. பெயர் என்று நாற்பது எழுத்து இடம் விட்டிருந்தேன். அதில் நீ எதை எழுதினாலும் வைத்துக்கொள்ளும், உன் பெயர் உன் விருப்பம். பாஸ் ஆனவர்களை முழுப் பெயரோடு வரிசையாகக் காட்டியது. அதன் பிரிண்டரில் ரிப்பன் காய்ந்துபோயிருந்தது. அதனால் புதுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடுபட்டவர்களைத் திரையைப் பார்த்து நோட்டில் கையால் எழுதினேன்.

ஏழாவது பெயர், லெட்சுமி ஏ/பி முனியாண்டி.

பதினோரு பேரும் தோட்டத்துப் பெண்கள். இரண்டு செல்வி, இரண்டு பரமேஸ்வரி, மூன்று மாரியம்மா. ஒருவருக்குக்கூட டவுன் முகவரி இல்லை.

"எழுதித் தாரும்"

நிர்வாக மேலாளர் மிஸ்டர் நாதன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா, தாத்தா எல்லாரும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். வேலையில் ஒழுங்கு, காகிதத்தில் ஒழுங்கு, சட்டைப் பையில் பேனா மூன்று. புதுக் கணினியை வாங்க வைத்தவரே அவர்தான்.

நோட்டை நீட்டினேன். பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? லிஸ்ட் முடிஞ்சு போச்செல்லோ. சிஸ்டம் பிழை விட்டதெண்டு சொல்லுறீரோ?"

"ஆமா சார். அப்பா பேர வெட்டிருச்சு."

"பேரை வெட்டினா ஆளை ஏன் வெட்டுது? சிஸ்டம் கேட்டிருக்கும். ஆரோ ஓம் எண்டு சொல்லியிருப்பினம்."

அவர் முட்டாள் இல்லை. நேராக அந்த இடத்துக்கே வந்துவிட்டார். சோங் மேல் போட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். அவன் அங்கே இல்லை, இருந்தாலும் மறுத்திருக்க மாட்டான்.

"நான்தான் சார் ஒய் தட்டுனேன். பட்டியலப் பாக்கல."

மிஸ்டர் நாதன் கண்ணாடியைக் கழற்றினார். மேசை மேல் வைத்தார். வெளியே கம்பியில் காகங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கிள்ளானில் காகத்துக்குக் குறைவே இல்லை.

"எழுதித் தாரும்," என்றார். "நீர் செய்தது எண்டு எழுதி, கையெழுத்தும் போடும். அது உம்மட ஃபைலுக்குப் போகும். அப்பத்தான் நான் இந்தப் பதினொரு கடிதத்துக்குக் கையெழுத்துப் போட ஏலும். காரணம் இல்லாமல் லிஸ்டைத் திறக்க மாட்டன்."

அங்கேயே நின்றபடி எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அந்த வருடம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை, நான்கு வருடம் கழித்துத்தான் வந்தது. இரண்டு வாரத்தில் எச்சரிக்கைக் கடிதமும் வந்து சேர்ந்தது. புதுக் கணினியிலேயே அடித்தது. "அன்புள்ள மிஸ் ஏ" என்று ஆரம்பித்திருந்தது.

பதினோரு கடிதங்களையும் கணினியில் அடிக்க நான் விடவில்லை. கமாரியா மூலையில் மூடி வைத்திருந்த தட்டச்சு இயந்திரத்தை வெளியே எடுத்தார். சாய்கோட்டுக்கு ஒரு விசை, அழுத்தினால் விழுகிறது, அவ்வளவுதான். நான் பெயரைச் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். எஸ்டேட் ஆபீஸ்களுக்கு நான் ஒவ்வொன்றாகப் போன் போட்டுச் சொன்னேன். போன் எடுக்காத இரண்டு இடத்துக்குத் தந்தி கொடுத்தோம்.

நான்கு மணிக்குக் கேண்டீனுக்குப் போனேன். அப்பாவும் மகளும் காலையில் உட்கார்ந்த அதே பெஞ்சில் இருந்தார்கள். குடித்து முடித்த இரண்டு கோப்பிக் குவளை முன்னால். கடிதத்தை லெட்சுமியிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். அப்பாவிடம் நீட்டினாள். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயர் எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியும். சாய்கோட்டைத் தாண்டி விரலை நகர்த்தி, அதன் மேல் வைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுங்க," என்றேன். "மிஷினு கேட்டப்ப பாக்காம சரின்னுட்டேன். மன்னிச்சிருங்க."

லெட்சுமி என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டாள்.

"நான் இன்னிக்கி வராம இருந்துருந்தா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு இத்தனை வருடத்தில் எந்த மென்பொருள் எந்தக் கேள்வி கேட்டாலும், ஒய் தட்டுவதற்கு முன் எனக்கு அந்தக் குரல் கேட்கும். வேலையில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வந்ததற்கு அதுதான் காரணம். பட்டியலைக் காட்டு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

வெள்ளிக்கிழமை

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம். பதினோரு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். தந்தி கொடுத்த இரண்டு பேரும் வரவில்லை. ஒருத்திக்குத் தந்தி சனிக்கிழமைதான் போய்ச் சேர்ந்ததாம். இன்னொருத்தி ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. வந்தவர்களில் நான்கு பேரை எடுத்தார்கள். லெட்சுமி அந்த நால்வரில் ஒருத்தி. பெருமாள் மகள் லெட்சுமியையும் எடுத்தார்கள். மூன்று வருடம் இருவரும் ஒரே விடுதியில் இருந்தார்கள்.

அந்த வராத இருவரின் பெயரும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பா பெயரோடு.

அன்று காலை நேர்காணல் அறைக்கு வெளியே பெஞ்சுகள் நிறையப் பெண்களும் பெற்றோரும். பவுடர் வாடை, மல்லிகை வாடை, யாரோ பிரித்த கறிபாப் பலகாரத்தின் வாடை. ஆட்களைக் கூப்பிட வேண்டிய உதவியாளரின் கையில் கணினி அடித்த பட்டியல் இருந்தது. அவர் வாயைத் திறந்து, "லெட்சுமி ஏ!" என்று ஆரம்பித்ததும் இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு லெட்சுமிகள் எழுந்தார்கள்.

"கொஞ்சம் குடுங்க," என்று அந்தப் பட்டியலை வாங்கி நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டேன். என் வேலை இல்லைதான். மிஸ்டர் நாதன் தன் அறைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. கமாரியா தட்டச்சில் அடித்த பட்டியலை எடுத்து, கதவருகே நின்று, நானே கூப்பிட ஆரம்பித்தேன். சாய்கோட்டையும் சேர்த்து, எழுத்துச் சுருக்காமல், முழுசாக.

"லெட்சுமி அனாக் பெரெம்புவான் பெருமாள்!"

அவள் உள்ளே போனாள், வந்தாள்.

"லெட்சுமி அனாக் பெரெம்புவான் முனியாண்டி!"

லெட்சுமிக்கு முன்னால் அவர் எழுந்தார். கடைசிப் பெஞ்சிலிருந்து, சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "இருக்கேங்க," என்றார்.

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். லெட்சுமி அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாள்.

"அப்பா, உக்காருங்கப்பா. என்னையத்தான் கூப்புடுறாங்க."

"தெரியும்மா, நீ போ," என்றார் முனியாண்டி. "என் பேரையும்தான கூப்புட்டாங்க."

அவள் உள்ளே போனாள். கதவு சாத்தி, மறுபடி திறந்து, அவள் வெளியே வரும்வரை அவர் உட்காரவே இல்லை.